தோளும் அதன் காவலர் நால்வரும்

ரொறொன்ரோ நகரின் நடுவிலே, குயின்ஸ் பார்க்கிலுள்ள மாகாண சட்டசபை மாளிகைக்கு அண்மையில், ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ விஞ்ஞானக் கட்டடம் அமைந்திருக்கின்றது. உடற்கூறு பயிலும் மாணவரின் உபயோகத்துக்கென்று அங்கே பேணப்பட்டுவரும் அங்கங்களின் தொகுதியொன்று, அதனை உருவாக்கிய பேராசிரியரின் பெயரால் கிராண்ட் அருங்காட்சியகம் என வழங்குகின்றது. இன்சுலின் பிறந்த நகரம் இது என்பதை நம்மவரிற் பலர் அறிவர். மனித சரீரத்தின் உட்புறத்தை உலகத்து மாணவர்களுக்குப் படம்படமாக விரித்துக் காட்டிய நூலொன்றும் இந்நகரத்திலேயே பிறந்தது என்பதை அறிந்தோர் சிலரே. அந்நூலைப் பற்றியும், அதன் பக்கங்களில் நான் மிகுந்த நேரம் தங்கி நின்ற ஓர் அவயவமாகிய தோளைப் பற்றியும், இவ்விரண்டும் நம் போன்ற சாதாரண குடும்பத்தவர்க்கு எவ்வாறு உரியனவாகின்றன என்பதைப் பற்றியும் இங்கே சற்று விரிவாக எழுத விரும்புகின்றேன்.

ஜோன் சார்ள்ஸ் புவாலோ கிராண்ட் 1886ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் பிறந்து, எடின்பரோவில் வைத்தியம் கற்று, முதலாம் உலகப்போரிலே படைமருத்துவராகப் பணியாற்றி வீரப்பதக்கமும் பெற்று, 1919இல் கனடாவுக்கு வந்து, வினிப்பெக் நகரில் உடற்கூற்றுப் பேராசிரியராக அமர்ந்தவர். 1930இல் ரொறொன்ரோவுக்கு வந்த அவர், 1956இல் ஓய்வுபெறும்வரை இங்கேயே கற்பித்தார். 1937இல் அவரது பாடநூலும், 1943இல் அவரது படநூலாகிய ‘அட்லஸ்’ என்பதும் வெளிவந்தன. பிற்காலத்தவர் திருத்தித் திருத்தி வெளியிட, அந்தப் படநூல் இன்றளவும் மாணவர் கைகளில் இருந்து வருகின்றது.

அந்நூல் உருவான முறையை அறிந்தால் அதன்மீது மதிப்பு இன்னும் உயரும். பழைய நூல்களிலிருந்து படத்தைப் பார்த்துப் படம் எழுதும் வழக்கத்தை விட்டு, ஒவ்வொரு பகுதியையும் தாமும் தம் சகாக்களும் பொறுமையோடு அறுத்து ஆயத்தம் செய்து, அதனைப் புகைப்படம் பிடித்து, அப்படத்தைப் பெரிதாக்கி வெளிக்கோடுகளை எடுத்து, அக்கோடுகளை மீண்டும் அசல் அங்கத்தோடு ஒப்புநோக்கிச் சரிபார்த்து, அதன் பின்னரே ஓவியரின் தூரிகைக்கு விட்டார் கிராண்ட். டொரதி சப், நான்சி ஜோய் ஆகிய பெண்மணிகள் அவ்வோவியர்களுள் முதன்மையானவர்கள். மருத்துவ ஓவியத்துக்கென்று தனியொரு பயிற்சித் துறை 1945இல் இப்பல்கலைக்கழகத்தில் மரியா விஷாட் என்பவரின் முயற்சியால் ஏற்பட்டது. கண் கண்டதையே கை எழுத வேண்டும் என்னும் அந்த ஒழுக்கம், அட்லஸின் ஒவ்வொரு கோட்டிலும் தெரிகின்றது.

இந்நூலை நான் நூலகத்திலிருந்து எடுத்துவந்ததற்குக் காரணம் என் அக்காவின் இடது தோள். சென்ற குளிர்காலத்தின் தொடக்கத்தில், எந்த வீழ்ச்சியும் அடியும் இல்லாமலே, அவவுடைய தோளில் ஒரு நோவு உண்டாயிற்று. இரவிலே அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. பிறகு குளிரங்கியின் கைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. அதன் பிறகு, இளம்பராயம் முதல் தானே தன் கூந்தலைப் பின்னிக்கொண்ட அவ, பிடரிவரை கை எட்டாமையால் மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. குடும்ப வைத்தியர் பரிசோதித்து, உறைதோள் என்று சொல்லி, ஸ்காபரோவிலுள்ள ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே பயிற்சி கொடுத்த பெண் நம் ஊர்ப் பிள்ளை. சுவரிலே நீலநிற ஒட்டுநாடாவினால் ஏணிப்படி போலக் குறியிட்டு, ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதி, விரல்களாற் சுவரைப் பற்றிப்பற்றி மேலே ஏறும்படி அக்காவைப் பழக்கினாள்.

“அம்மா, தோளைக் காதுக்குக் கிட்ட உயர்த்தாதேங்கோ, அதைக் கீழை விட்டிட்டுக் கையை மட்டும் மெல்ல மெல்லக் கொண்டுபோங்கோ,” என்றாள்.

“கை என்ரை சொல்லைக் கேக்குதில்லைப் பிள்ளை, தோள்தான் முந்திக்கொண்டு எழும்புது,” என்றா அக்கா.

கையை உயர்த்தச் சொன்னால் தோள்பட்டை எழுவது ஏன், அதனை அந்தப் பெண் தடுத்தது ஏன் என்னும் கேள்விகள் என்னை விடவில்லை. அவற்றுக்கு விடை தேடியே உடற்கூற்று நூல்களுக்குள் புகுந்தேன். அங்கு கண்டவற்றை, வாசகர்கள் தம் உடம்பிலேயே தொட்டுப் பார்த்து அறியக்கூடிய முறையில் இனிச் சொல்லுகின்றேன்.

தோளிலே எலும்புகள் மூன்று. கழுத்தின் அடியில் இரு பக்கமும் குறுக்காக ஓடுவது காறையெலும்பு. முதுகின் மேற்பாகத்தில் முக்கோண வடிவாகப் படிந்து கிடப்பது தோள்பட்டை எலும்பு. மேற்கையின் நீண்ட எலும்பு புயவெலும்பு. இப்பொழுது உங்கள் இடக்கை விரலைத் தொண்டைக் குழிக்கு வலப்பக்கம் சற்றே தள்ளி, காறையெலும்பு நெஞ்செலும்போடு சேரும் முண்டின்மீது வைத்துக்கொண்டு, வலத்தோளை மேலும் கீழும் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரலின் கீழே அந்த எலும்பு உருள்வதை உணர்வீர்கள். உங்கள் வலக்கை முழுவதும், தோள்பட்டையோடு சேர்த்து, உடலின் எலும்புக் கூட்டோடு பொருத்தப்பட்டிருப்பது அந்தச் சின்னஞ்சிறு மூட்டு ஒன்றினால் மாத்திரமே. தோள்பட்டை எலும்புக்கும் விலா எலும்புகளுக்கும் இடையே எலும்புப் பொருத்தம் எதுவும் கிடையாது. தசைகளின் நடுவே அது வழுக்கி வழுக்கிச் சஞ்சரிக்கின்றது. இடுப்பைப் பாருங்கள்: அங்கே கால்கள் பொருந்தும் எலும்பு வளையம் முதுகெலும்போடு இறுகப் பிணைந்திருக்கின்றது. நடப்பதற்கும் நிற்பதற்கும் அந்த உறுதி வேண்டும். கைக்கு வேண்டியது வேறு.

காறையெலும்பின் தொழில், தோளை மார்பிலிருந்து வெளியே தள்ளி நிறுத்துவது. அது முறிந்தவர்களுக்குத் தோள் முன்னும் உள்ளுமாகச் சரிந்துவிடுவதைக் கொண்டு இதனை அறியலாம். மாட்டுக்கும் குதிரைக்கும் காறையெலும்பு இல்லை. அவற்றின் முன்னங்கால்கள் மார்பின் இரு மருங்கிலும் ஒடுங்கி, முன்னும் பின்னுமாக மட்டும் அசைந்து ஓடுவதற்கு அது வசதியாகின்றது. நாமோ கையை விரித்து அணைக்கவும், தலைக்கு மேல் உயர்த்திக் கும்பிடவும், முதுகுப் புறம் கொண்டுபோய்க் கட்டவும் பிறந்தவர்கள். கருவிலே முதன்முதலாக எலும்பாக மாறத் தொடங்குவது காறையெலும்பே. அதன் உள்முனை முற்றாக இணைந்து முடிய இருபத்தைந்து வயதளவில் ஆகின்றது என்பதும் வியப்புக்குரிய செய்தி.

இனி, கையும் தோளும் பொருந்தும் பிரதானமான மூட்டுக்கு வருவோம். தோள்பட்டை எலும்பின் வெளியோரத்தில் ஆழமற்ற ஒரு சிறு குழி உண்டு. அதிலே புயவெலும்பின் உருண்ட தலை வந்து பொருந்துகின்றது. அந்தத் தலையின் வழவழப்பான பரப்பு, குழியின் பரப்பைப் போல மூன்று நான்கு மடங்கு பெரியது. எந்த நேரத்திலும் தலையின் கால்வாசி அல்லது அதற்குச் சற்றே அதிகமான பகுதிதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். நம் வீட்டு வாசலிலே நிறைகுடம் வைக்கும்போது குடத்தின் சிறிய வாயில் பெரிய தேங்காயை இருத்துகின்றோம். குடம் நிமிர்ந்திருக்கும்வரை தேங்காய் நிற்கும், குடத்தைப் பக்கமாகச் சாய்த்தால் அக்கணமே உருண்டு விழும். தோட்குழியோ எப்பொழுதும் பக்கமாகவே நோக்கியிருக்கின்றது. அப்படியிருக்க அந்தத் தலை விழாமல் நிற்பது எவ்வாறு?

குழியின் விளிம்பைச் சுற்றி ஒரு நார்வளையம் அதனைச் சற்று ஆழமாக்குகின்றது. மூட்டை முழுவதுமாகச் சூழ்ந்து தளர்ந்த உறையொன்று இருக்கின்றது. அவ்வுறையைச் சில நார்கள் பலப்படுத்துகின்றன. ஆயினும் இவை போதா. மூட்டின் மெய்யான பாதுகாப்பு, தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு, புயவெலும்பின் தலையை மேலும் பின்னும் முன்னுமாகத் தழுவிப் பிடித்திருக்கும் நான்கு சிறு தசைகளிடத்தே உள்ளது. மேற்புறம் சுப்பிராஸ்பைனேற்றஸ்; பின்புறம் இன்பிராஸ்பைனேற்றஸும் ரெரிஸ் மைனரும்; முன்புறம், தோள்பட்டைக்கும் விலாக்களுக்கும் இடையே மறைந்து கிடக்கும் சப்ஸ்கபுலாறிஸ். இவற்றின் தசைநாண்கள் ஒன்றோடொன்று கலந்து மூட்டுறையோடும் பின்னி, தலையைச் சூழ ஒரு பட்டையாகின்றன. கண்ணுக்குத் தெரியாத இக்காவலர் நால்வரையும் அறியாதவர்கள், தோளின் பலம் என்றால் வெளியே திரண்டு தெரியும் பெரிய தசையையே கருதுகின்றார்கள்.

அந்தப் பெரிய தசையின் பெயர் டெல்ரொயிட். அது வலியது, ஆனால் கை தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் அது தனியே சுருங்குமாயின், புயவெலும்பை நேரே மேல்நோக்கித் தூக்கித் தோள்முனையோடு மோதவிடும். அவ்வேளையில் நால்வரும் தலையைக் குழியினுள் அழுத்திக் கீழ்நோக்கியும் இழுத்துப் பிடிக்கின்றனர். மேல்நோக்கிய விசையும் உள்ளும் கீழுமாகிய விசையும் ஒன்றுகூடியே கையைச் சுழற்றி உயர்த்துகின்றன. கை எழுவதன் முதற் பாகைகளைச் சுப்பிராஸ்பைனேற்றஸ் தொடங்கி வைக்க, பின்பு டெல்ரொயிட் ஏற்று நடத்துகின்றது என்று முன்னாளிற் கற்பித்து வந்தார்கள். அட்லஸ் வெளிவந்த மறு ஆண்டாகிய 1944இல், கலிபோர்னியாவைச் சேர்ந்த இன்மன், சோண்டர்ஸ், அபட் என்னும் மூவர், தசைகளில் எழும் மின்னசைவுகளைப் பதிவுசெய்து, இவ்விரண்டும் தொடக்கம் முதல் முடிவுவரை சேர்ந்தே உழைக்கின்றன என்று காட்டினார்கள்.

அதே ஆய்விலிருந்து நமக்குக் கிடைத்த மற்றொரு பேருண்மை, கையை உயர்த்துதல் ஒரு மூட்டின் காரியமன்று என்பது. பக்கத்தில் தொங்கும் கையைக் காதோடு ஒட்டும்வரை உயர்த்துவது ஏறத்தாழ 180 பாகை. அதில் 120 பாகையளவு புயவெலும்பும் தோட்குழியும் சேரும் மூட்டிலே நிகழ, மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு விலாக்களின்மேல் சுழல்வதனாலே கிடைக்கின்றது. வீட்டிலுள்ள ஒருவரைச் சட்டையில்லாமல் முதுகு காட்டி நிற்கச் செய்து, தோள்பட்டையின் கீழ்முனையில் உங்கள் பெருவிரலை வைத்துக்கொண்டு, அவரைக் கையை மெல்ல உயர்த்தச் சொல்லுங்கள். சிறிது தூரம் அந்த முனை சும்மா இருப்பதும், பின்பு பக்கவாட்டில் வெளிநோக்கி நகர்ந்து அக்குளின் புறம் செல்வதும் உங்கள் விரலுக்குத் தெரியும். கழுத்திலிருந்து முதுகுவரை பரந்த ட்ரப்பீசியஸ் தசையும், விலாக்களிலிருந்து வரும் செராற்றஸ் தசையும் அதனைச் சுழற்றுகின்றன. செராற்றஸுக்குச் செல்லும் நரம்பு பழுதுற்றால், சுவரைத் தள்ளும்போது தோள்பட்டை முதுகைவிட்டுச் சிறகு போல வெளியே புடைத்து நிற்கும். அக்காவின் மூட்டு இறுகிப் போனமையால், தோள்பட்டை தன் பங்குக்கு மேலும் உழைத்துக் கையின் குறையை நிரப்ப முயன்றது. ட்ரப்பீசியஸ் தோளைக் காதுவரை இழுத்தது. அந்தப் பெண் தடுத்தது இதனையே. உதவி செய்ய ஓடிவரும் தசை உழைக்கும்வரை, உறங்கிக் கிடக்கும் மூட்டு விழிக்காது.

இன்னும் இரண்டு பரீட்சைகளை வாசகர் செய்து பார்க்கலாம். முதலாவது: கையை உள்முகமாக நன்றாகத் திருகி, பெருவிரல் நிலத்தை நோக்கியிருக்கப் பக்கமாக உயர்த்துங்கள், தோள் மட்டத்தளவில் ஏதோ ஒன்று தடுக்கும். இப்பொழுது உள்ளங்கை வானத்தை நோக்கும்படி திருப்புங்கள். கை தடையின்றி மேலே செல்லும். புயவெலும்பின் தலைக்குப் பக்கத்திலுள்ள முண்டு தோள்முனைக்கு அடியில் இடிபடாமல், பின்புறமாக விலகி வழிவிட்டதே இதற்குக் காரணம். இரண்டாவது: கையை நேரே தொங்கவிட்டு உள்ளங்கையைத் தொடையோடு ஒட்டி வையுங்கள். முழங்கையை மடக்காமல், திருகாமல், கையை முன்புறமாகத் தோள் மட்டம்வரை உயர்த்துங்கள். அங்கிருந்து கிடையாகப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். பின்பு பக்கவாட்டிலே கீழே இறக்குங்கள். ஒருமுறையும் திருகாத கையின் உள்ளங்கை இப்பொழுது தொடையை விட்டு முன்னே நோக்கி நிற்கும். பல திசைகளிற் சுழலும் மூட்டு, சென்ற வழியைப் பொறுத்து வேறு நிலையில் வந்து சேரும் என்பதை இது பிரத்தியட்சமாகக் காட்டுகின்றது. பொஸ்ரன் நகரத்துச் சத்திரவைத்தியர் ஏர்னெஸ்ற் கொட்மன் இதனை விளக்கியமையால் அவர் பெயராலேயே இந்த விநோதம் வழங்குகின்றது. தோளுக்கென்றே அவர் எழுதிய பெருநூல் 1934இல் வெளிவந்தது. உறைதோள் என்னும் நோய்ப்பெயரும் அந்நூலிலிருந்தே பரவியது.

இத்தனை சுயாதீனம் மனித தோளுக்கு வேண்டியிருந்தது ஏன் என்று கேட்டால், எறிதலும் ஒரு காரணம் என்கிறார்கள் அறிஞர்கள். 2013ஆம் ஆண்டு ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, கையைப் பின்னே வளைக்கும்போது தோளின் நார்களிலும் தசைநாண்களிலும் விசை சேமிக்கப்பட்டு, எறியும்போது ஒருங்கே வெளிப்படுகின்றது என்றும், இதற்கு வேண்டிய உடலமைப்பு ஏறத்தாழ இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் நம் மூதாதையரிடத்துச் சேர்ந்து அமைந்தது என்றும் கூறுகின்றது. இந்நகரத்தில் சி.என். கோபுரத்தின் அருகேயுள்ள விளையாட்டரங்கிலே ப்ளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியின் பந்தெறிபவர் ஒருவர் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். தேர்ச்சி பெற்ற எறிவீரரின் புயவெலும்பு உள்நோக்கிச் சுழலும் வேகம், ஒரு வினாடிக்கு 7,000 பாகை என்ற அளவை எட்டுகின்றது. மனித உடலில் அளந்தறியப்பட்ட அசைவுகளுள் அதிவேகமானவற்றுள் அது ஒன்று. நம்மவருக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் வேண்டுமாயின், டெஸ்ற் போட்டிகளில் 800 விக்கெற்றுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரனை நினையுங்கள். உலகமெல்லாம் அவர் முழங்கையையும் மணிக்கட்டையும் பற்றியே வாதித்தது. 2004இல் அவரைப் பல மாதங்கள் ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்துச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தியதோ அவரது தோள்.

மைதானம் சென்றறியாதவர்களின் தோளும் தேய்கின்றது. நால்வருள் மேற்புறத்துக் காவலனாகிய சுப்பிராஸ்பைனேற்றஸின் தசைநாண், தோள்முனைக்கும் புயவெலும்பின் தலைக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வழியாகச் செல்கின்றது; வயது ஏற ஏற அது நைந்து கிழிவது சாதாரணம். 1948இல் கிராண்ட் தம் சகா ஒருவரோடு சேர்ந்து, எந்த வயதில் இத்தசைநாண் கிழிகின்றது என்பதைப் பற்றி வெளியிட்ட குறிப்பு இத்துறையில் இன்றும் எடுத்துக் காட்டப்படுகின்றது. கிழிந்தவர் எல்லோரும் நோவுறுவதில்லை என்பதும், மீதித் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தியே நன்றாக வாழ்வோர் பலர் என்பதும் பிற்கால ஆய்வுகளால் தெளிவாயின.

உறைதோள் இதனினும் வேறானது. தசைநாண் கிழிந்தவர் தாமே கையை உயர்த்த முடியாவிட்டாலும், மற்றொருவர் பிடித்து உயர்த்தினால் கை பெரும்பாலும் செல்லும். உறைதோளிலோ மூட்டுறையே தடித்துச் சுருங்கிவிடுவதால், யார் பிடித்தாலும் கை அசையாது. கையை வெளிப்புறமாகத் திருப்பும் அசைவு எல்லாவற்றுக்கும் முன்னர் குறைந்துவிடும். அக்குளின் பக்கம் மடிந்து தளர்ந்திருக்க வேண்டிய உறையின் கீழ்மடிப்பு இறுகிவிட்டால், கையை உயர்த்துவதற்கு வேண்டிய இடமே இல்லாமற் போகின்றது. முதலில் நோவு மிகும் காலம், பின்பு நோவு தணிந்து இறுக்கம் நிலைக்கும் காலம், இறுதியில் மெல்ல மெல்லத் தளரும் காலம் என மூன்று பருவங்களாக, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையும் இது நீடிக்கலாம். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினரை, அவருள்ளும் பெண்களை, அதிகமாகப் பற்றுகின்றது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றையோரிலும் பல மடங்கு அதிகம். அக்காவுக்குச் சீனி வருத்தம் நெடுங்காலமாக உண்டு. நம் சமூகத்தில் அவ்வருத்தம் இல்லாத வீடு எத்தனை?

இவ்விடத்தில் ரொறொன்ரோவின் மற்றப் பெருமகன் நினைவுக்கு வருகின்றார். பிரெடெரிக் பான்ரிங் தொழிலால் எலும்பு வைத்தியர். இந்நகரத்துச் சிறுவர் வைத்தியசாலையிலே எலும்புச் சத்திரசிகிச்சையில் பயிற்சி பெற்றவர். 1918இல் பிரான்சின் காம்ப்ரே போர்க்களத்தில் வலக்கையிற் காயமடைந்தும், பிறர் காயத்துக்கு மருந்து கட்டுவதை நிறுத்தாதவர். 1921ஆம் ஆண்டுக் கோடையில், பேராசிரியர் மக்லியொட் அளித்த ஆய்வுகூடத்தில் சார்ள்ஸ் பெஸ்ற் என்னும் இளைஞரோடு அவர் தொடங்கிய பரிசோதனை, கொலிப் என்பாரின் சுத்திகரிப்பினால் நிறைவுற, 1922 ஜனவரியில் ரொறொன்ரோப் பொது வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. நீரிழிவோடு நெடுங்காலம் வாழும் பாக்கியம் மனிதருக்கு அன்றுதான் கிட்டியது. அந்த நெடிய வாழ்வில் தோளுக்கும் கண்ணுக்கும் காலுக்கும் நேரும் இடர்களை அறிந்து காத்துக்கொள்ளும் கடமையும் அதனோடு சேர்ந்தே வந்தது.

அக்காவின் தோள் இப்பொழுது தளர்ந்து வருகின்றது. தொடக்கத்தில் மூட்டினுள் ஏற்றிய ஸ்டெரோயிட் ஊசி நோவைக் குறைத்தது. அவ்வூசியினால் சில நாட்களுக்கு இரத்தத்தில் சீனி ஏறக்கூடும் என்று வைத்தியர் முன்கூட்டியே எச்சரித்து, அடிக்கடி அளந்து பார்க்கச் சொல்லியிருந்தார். கொட்மன் வகுத்துத் தந்த, முன்னே குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சியும் நாள்தோறும் நடக்கின்றது. சுவரிலே திகதிகள் மேலேறுகின்றன. பின்னல் இன்னும் மகளின் பொறுப்பே.

உடலைப் பற்றிய இந்த அறிவைத் தமிழிலே பெறும் பாக்கியம் ஒருகாலத்தில் நமக்கு இருந்தது என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே, 1847இல் வந்திறங்கிய சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞரை வைத்தியராகப் பயிற்றினார். தம் மாணவர்களின் துணையோடு மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். இலண்டனில் ஹென்றி கிறேயின் உடற்கூற்று நூல் வெளிவந்தது 1858இல். அது ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரோடு தமிழில் வெளிவந்தது 1872இல். பதினான்கே ஆண்டு இடைவெளி. அந்த ஆங்கில நூலுக்குப் படம் எழுதிய வன்டைக் கார்ட்டர் என்பவரும், நூல் வெளிவந்த அதே ஆண்டில் பம்பாய்க்குக் கப்பலேறி, அங்கே உடற்கூறு கற்பித்தவர். தோளின் மூன்று எலும்புகளையும் காவலர் நால்வரையும் மானிப்பாய் மாணவன் தன் தாய்மொழியிலே கற்றான். இன்று ஸ்காபரோவிலே வைத்தியரின் மேசைக்கு எதிரில் அமர்ந்திருக்கும் தாய்மாருக்கு, தம் தோளில் நேர்ந்தது இன்னதென்று விளக்கத் தமிழிலே ஒரு துண்டுப்பிரசுரந்தானும் கைக்கு எட்டுவது அரிதாயிருக்கின்றது.

இன்னொரு கடனும் உண்டு. கிராண்ட் அறுத்தறிந்த அந்தச் சரீரங்கள் யாருடையவை? கனடாவில் 1843இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, உறவினர் வந்து உரிமை கோராத ஏழைகளின் உடல்களே உடற்கூற்றுச் சாலைகளுக்கு நெடுங்காலமாகச் சென்றுகொண்டிருந்தன. மக்கள் தாமாக மனமுவந்து உடலைத் தானம் செய்யும் வழக்கம் பின்னாளில் வேரூன்றியது. ஏரிக்கரையில் மூட்டை சுமந்தும், பனி அள்ளியும், பிறர் வீட்டுத் துணி துவைத்தும் தோள் தேய்ந்தவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ! அவர்களது சம்மதத்தை எவரும் கேட்டிலர். பெயரும் நூலில் இல்லை. ஆயினும் அவர்களது தோளைப் பார்த்தே தலைமுறை தலைமுறையாக வைத்தியர்கள் கற்றனர். அந்தக் கல்வியின் பயனே இன்று என் அக்காவின் கையை ஒரு குறி, இரு குறியாக உயர்த்திக்கொண்டிருக்கின்றது. அவர்களை வணங்குவது நம் கடமை.

ஆதலால், இதனை வாசிக்கும் அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. தோளின் பாதுகாப்பு எலும்பினால் ஆனதன்று. ஒன்றையொன்று தாங்கி ஒத்துழைக்கும் தசைகளாலும், அவற்றை நாம் நாள்தோறும் உபயோகிப்பதாலும் ஆனது. ஊரிலே துலாக் கயிற்றை இழுத்தும் உலக்கை பிடித்தும் தலைக்கு மேலே உயர்ந்த கைகள், இந்நாட்டு வீட்டில் இடுப்பளவு மேசைகளுக்கு மேலே உயர வேண்டிய தேவை இல்லாமலே ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றன. நாளுக்கு ஒருதரமாவது இரு கைகளையும் உள்ளங்கை ஒன்றையொன்று நோக்கக் காதுவரை உயர்த்துங்கள், பிடரியைத் தொடுங்கள், முதுகின் பின்னே கொண்டுபோங்கள். ஒரு கை மற்றதிலும் பின்தங்கி நின்றால், அதனை வயதின்மேற் சுமத்திவிட்டுச் சும்மா இராமல், குளிர்காலம் முடியட்டும் என்று காத்திராமல், வைத்தியரிடம் சென்று காட்டுங்கள்; நீரிழிவு உள்ளவர்கள் அதனையும் மறவாமற் சொல்லுங்கள். வைத்தியம் கற்று இந்நகரத்தில் நன்னிலையிலிருக்கும் நம் பிள்ளைகள், மானிப்பாயில் நடந்ததை நினைந்து, தம் தாய்தந்தையர் படித்து விளங்கும் தமிழிலே, நல்ல படங்களோடு, இவ்வறிவை எழுதித் தர முன்வரல் வேண்டும். படம் எழுதும் கலையைப் பயிற்றும் கூடம் இந்நகரத்திலேயே இருக்கின்றது. எழுதுவதற்கு வேண்டிய மொழியும் நம்மிடம் இருக்கின்றது. அப்படியொரு சிறுநூல் வருமாயின், அச்சுச் செலவில் என் பங்கை முதலாவதாக நான் தருவேன்.